போதைப் பழக்கமும் மூளையும்: சிலர் மட்டும் வீழ்வது ஏன்?

மதுவை ஒரு முறை சுவைத்தவர் அனைவரும் குடிக்கு அடிமையாகிவிடுவதில்லை. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே அலுவலகத்தில் பணியாற்றும் இருவர் ஒரே விருந்தில் குடிக்கத் தொடங்குகின்றனர். பத்து ஆண்டுகள் கழிந்த பின் ஒருவர் எப்போதாவது குடிப்பவராகவே இருக்கிறார். மற்றவரோ வேலை, குடும்பம், உடல்நலம் ஆகிய மூன்றையும் இழந்து நிற்கிறார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? மன உறுதி இல்லாமை என்பதே நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் விடை. கடந்த எழுபது ஆண்டுகளாக மூளையைப் பற்றி நடந்துவரும் ஆராய்ச்சி வேறொரு விடையைத் தருகிறது. அதனை அறிந்துகொள்வது மருத்துவர்களின் கடமை மட்டுமன்று. சட்டத்தைச் செயற்படுத்துவோர், நிதி ஒதுக்குவோர், கோப்பில் ஆணை எழுதுவோர் ஆகிய அனைவரின் கடமையுமாகும்.

பிரச்சினையின் அளவு

மத்திய சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசியப் போதைப் பழக்கச் சிகிச்சை மையம் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளியாயின. 186 மாவட்டங்களில் சுமார் 2 லட்சம் வீடுகளுக்குச் சென்று இந்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர் என்று அது மதிப்பிட்டது. இவர்களுள் 5.7 கோடிப் பேருக்குக் குடியினால் விளைந்த தொல்லைகளுக்கு உதவி தேவைப்படுகிறது.

இந்த எண்களை இருவகையாகப் படிக்கலாம். குடிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் துன்பத்தில் இருக்கின்றனர் என்பது ஒன்று. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நிலையை அடையவில்லை என்பது மற்றொன்று. முதலாவது பிரச்சினையின் பருமனைக் காட்டுகிறது. இரண்டாவது அதன் இயல்பைக் காட்டுகிறது. பொருள் ஒன்றே, அதற்கு ஆட்படும் தன்மை மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இந்தப் பொருள் குறித்து நான் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு கோப்பு காரணமாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொறுப்பான அதிகாரியாக நான் இருந்தபோது எழுத்தர் ஒருவரின் கோப்பு என்னிடம் வந்தது. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964இன் 22ஆம் விதி, பணியின்போது மதுவின் தாக்கத்தில் இருப்பதைத் தடை செய்கிறது. அவர் மும்முறை அவ்விதியை மீறியிருந்தார். மூன்று முறையும் மருத்துவமனையில் தங்கிக் குடியை நிறுத்தினார்; மூன்று முறையும் சில மாதங்களில் மீண்டும் குடிக்கத் தொடங்கினார். அவருடைய உடன்பிறந்த அண்ணனும் அரசு ஊழியரே. அவரும் விசேட நாள்களில் குடிப்பவர்தான். ஆயினும் ஒரு நாளும் அலுவலகத்துக்குத் தாமதமாக வந்ததில்லை. கோப்பின் இறுதியில் நான் எழுதிய வரி இன்றும் நினைவில் இருக்கிறது: போதிய வாய்ப்புகள் அளிக்கப்பட்டும் திருந்தும் எண்ணம் இவரிடம் இல்லை. விதிப்படி அந்த ஆணையில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்த வரி ஓர் உண்மையைக் கூறவில்லை. என் அனுமானத்தையே கூறியது. அது பிழையான அனுமானம் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மூளையின் ஊக்க மண்டலம்

1954ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இரு அறிஞர்கள் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி ஆராய்ந்தனர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அதன் மூளையின் குறிப்பிட்ட இடத்தில் சிறிதளவு மின்சாரம் பாயும். சில இடங்களில் கம்பி பொருத்தப்பட்டபோது எலிகள் ஓய்வின்றி, திரும்பத் திரும்ப அந்த நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தன. ஒரு செயலை மீண்டும் செய்யுமாறு தூண்டும் தனி அமைப்பு மூளைக்குள் உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இந்த அமைப்பின் முதன்மையான வேதித் தூதுப் பொருள் டோபமைன் என்பதாகும். நடுமூளையில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இதனைச் சுரந்து, முன்மூளையின் அடிப்பகுதிக்கும் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கும் அனுப்புகிறது. மூளையில் டோபமைன் தனியொரு தூதுப் பொருளாகப் பணியாற்றுகிறது என்பதை 1950களின் இறுதியில் நிறுவியவர் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன். அவருக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

டோபமைன் என்றால் இன்பம் தரும் பொருள் என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது முழுவதும் சரியன்று. வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் இதனைத் தெளிவாக்கின. குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அதன் டோபமைன் நரம்பணுக்கள் விரைந்து இயங்கின. ஒரு விளக்கு எரிந்த பின்னரே பழச்சாறு வரும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்டதும், நரம்பணுக்கள் பழச்சாற்றுக்கு இயங்குவதை விட்டு விளக்குக்கு இயங்கத் தொடங்கின. விளக்கு எரிந்தும் பழச்சாறு வராவிட்டால், அது வர வேண்டிய அந்த நொடியில் நரம்பணுக்களின் இயக்கம் வழக்கத்தினும் தாழ்ந்தது.

ஆகவே, டோபமைன் எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கூறும் ஒரு குறிப்பு எனலாம். வரவு மதிப்பீட்டை மிஞ்சினால் ஒரு குறிப்பு. குறைந்தால் மற்றொரு குறிப்பு. மதிப்பீட்டுக்குச் சமமாக இருந்தால் குறிப்பு எதுவுமில்லை. இதைக் கொண்டே மூளை தன் அடுத்த மதிப்பீட்டைத் திருத்திக்கொள்கிறது. உணவு எங்கே கிடைக்கும், நீர் எங்கே உள்ளது என்பவற்றை விலங்குகள் கற்பது இந்தக் கணக்கின் மூலமேயாகும்.

போதைப் பொருள் கணக்கைக் குலைப்பது எவ்வாறு?

இயற்கையான நன்மைகள் எதிர்பார்த்தபடி கிடைக்கும்போது டோபமைன் குறிப்பு படிப்படியாக ஓய்ந்துவிடுகிறது. போதைப் பொருள்களோ இந்தக் கணக்கை மீறி, வேதியியல் முறையில் நேரடியாகவே டோபமைனை உயர்த்துகின்றன. ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கிடைத்தது என்ற பொய்க் குறிப்பு மூளைக்குச் செல்கிறது.

இதனைச் செய்யும் வழி பொருளுக்குப் பொருள் மாறுபடும். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் டோபமைன் நரம்பணுக்களை நேரடியாகத் தூண்டுகிறது. கொக்கெய்ன், வெளிவந்த டோபமைன் மீண்டும் நரம்பணுவுக்குள் செல்லும் வழியை அடைக்கிறது. அபினி, ஹெராயின் போன்றவை டோபமைன் நரம்பணுக்களுக்குக் கடிவாளமாக உள்ள வேறு நரம்பணுக்களை அடக்கிவிடுகின்றன. கடிவாளம் தளர்ந்ததும் டோபமைன் பெருகுகிறது. மூளையில் அபினியை ஏற்கும் தனி ஏற்பிகள் உண்டு என்பது 1973ஆம் ஆண்டிலும், வலியைத் தணிப்பதற்கென உடலே அபினியை ஒத்த பொருள்களைச் சுரக்கிறது என்பது 1975ஆம் ஆண்டிலும் அறியப்பட்டன. மது இந்த இயற்கை அபினிப் பொருள்களையும், மூளையை அமைதிப்படுத்தும் வேறு அமைப்புகளையும் ஒருங்கே பாதிக்கிறது.

தொடர்ந்து பயன்படுத்தும்போது மூளையில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது, ஈடு செய்யும் மாற்றம். மிகுதியாக வரும் தூண்டுதலைச் சமாளிக்க மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. எதிர்த் திசையில் இயங்கும் அழுத்த மண்டலத்தை வலுப்படுத்துகிறது. இதனால் அதே அளவு பொருள் அதே விளைவைத் தருவதில்லை. பொருள் இல்லாதபோது நடுக்கம், தூக்கமின்மை, பதற்றம், சோர்வு ஆகியவை தோன்றுகின்றன. தொடக்கத்தில் மகிழ்ச்சிக்காகக் குடித்தவர் இப்போது துன்பம் தீர்வதற்காகக் குடிக்கிறார்.

இரண்டாவது, கற்றலால் விளையும் மாற்றம். குரங்குக்கு விளக்கு எவ்வாறோ, அவ்வாறே குடிப்பவருக்குச் சம்பள நாள், மாலை ஆறு மணி, ஒரு குறிப்பிட்ட நண்பரின் குரல், கடைத் தெருவின் ஒரு திருப்பம் ஆகியவை அடையாளங்களாகின்றன. குடியை விட்டுப் பல மாதங்கள் ஆன பின்னும் இவ்வடையாளங்கள் வேட்கையை எழுப்ப வல்லவை. மருத்துவமனையில் நலமாக இருந்தவர் தன் தெருவுக்குத் திரும்பியதும் வீழ்வதற்கு இதுவே பெருங்காரணம்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுத் திறன் நலிவது. பின்விளைவை எண்ணிப் பார்த்து, உடனடி விருப்பத்தைத் தடுத்து நிறுத்துவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் வேலை. நீண்டகாலம் போதைப் பொருளைப் பயன்படுத்தியோரிடம் இப்பகுதியின் இயக்கம் குறைந்திருப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன. வேட்கை வலுப்பெறுகிறது, அதைத் தடுக்கும் உறுப்பே வலுவிழக்கிறது. மன உறுதியால் நிறுத்து என்று அறிவுரை கூறுவோர், அந்த உறுதி பிறக்கும் இடமே பழுதுபட்டிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எளிதில் ஆட்படுவோர் யார்?

மேலே கூறிய மாற்றங்கள் எல்லோருக்கும் ஒரே விரைவில் நிகழ்வதில்லை. அமெரிக்காவில் நடந்த மக்கள் ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1994இல் வெளிவந்தன. வாழ்நாளில் ஒரு முறையேனும் புகையிலையைப் பயன்படுத்தியவர்களில் 32 சதவீதத்தினரும், ஹெராயினைப் பயன்படுத்தியவர்களில் 23 சதவீதத்தினரும், மது அருந்தியவர்களில் 15 சதவீதத்தினரும், கஞ்சா பயன்படுத்தியவர்களில் 9 சதவீதத்தினரும் அதற்கு அடிமையாயினர் என்று அது கண்டது. பொருளின் வன்மை ஒரு காரணம் என்பது இதனால் தெரிகிறது. எனினும் ஹெராயினைத் தொட்டவர்களிலும் பெரும்பாலோர் அந்த நிலையை எய்தவில்லை. எஞ்சிய காரணங்களை நான்காகப் பகுக்கலாம்.

(1) மரபு. இரட்டையரையும் தத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்ததில், குடிநோய்க்கு ஆட்படும் தன்மையில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டின் ஏறத்தாழ பாதி மரபால் விளைவது என்று தெரிகிறது. டென்மார்க்கில் 1970களில் நடந்த ஓர் ஆய்வில், குடிநோயுற்ற பெற்றோருக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வேறு குடும்பங்களில் வளர்ந்த ஆண் பிள்ளைகளிடம் குடிநோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு காணப்பட்டது. 1984இல் நியூயார்க்கில் ஹென்றி பெக்லைட்டர் குழுவினர், குடிநோயாளிகளின் மகன்களான சிறுவர்கள் மதுவைத் தொடுவதற்கு முன்பே அவர்களுடைய மூளை மின்னலைகளில் ஒரு வேறுபாடு இருப்பதைக் கண்டனர். பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகத்தில் 1990களில் நடந்த ஆய்வும் குடிநோயாளிகளின் நெருங்கிய ஆண் உறவினரிடம் இத்தகைய வேறுபாட்டைக் கண்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. குடிநோய்க்கென ஒற்றை மரபணு கிடையாது. சிறு சிறு விளைவுகளை உடைய பல மரபணுக்கள் சேர்ந்தே இத்தன்மையை உண்டாக்குகின்றன. மரபு காப்பாகவும் அமையக்கூடும். சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் பலருக்கு மதுவைச் செரிக்கும் நொதி ஒன்று குறைபாடுடையது. சிறிதளவு குடித்தாலும் அவர்களுக்கு முகம் சிவந்து குமட்டல் உண்டாகிறது. அதனால் அவர்களிடையே குடிநோய் அரிதாக உள்ளது. ஒரே பெற்றோரின் மக்களுக்கும் மரபுப் பங்கு ஒன்றுபோல் அமைவதில்லை. அண்ணன் தப்பித் தம்பி வீழ்வதில் வியப்பேதுமில்லை.

(2) தொடங்கும் வயது. மூளையின் விருப்ப மண்டலம் இளமையிலேயே முழு வேகம் பெற்றுவிடுகிறது. கட்டுப்பாட்டுப் பகுதியோ ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த இடைவெளியில் போதைப் பொருள் புகுந்தால் கற்றல் ஆழமாகப் பதிகிறது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோரில் சுமார் 40 சதவீதத்தினர் பின்னர் குடிக்கு அடிமையாயினர். 20 வயதுக்குப் பின் தொடங்கியோரிடம் இது ஏறத்தாழ 10 சதவீதம் என்று 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. முன்னர் கூறிய நமது நாட்டு ஆய்வில், பசை, மெல்லி முதலியவற்றை முகர்ந்து போதை கொள்வது மட்டுமே பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் மிகுந்திருந்தது: பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவரில் 1.17 சதவீதம். நிலையங்களிலும் நடைபாதைகளிலும் வாழும் பிள்ளைகளை நினைத்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

(3) இளமைத் துன்பமும் மனநோயும். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அடி, வசை, பாலியல் கொடுமை, குடும்பத்தில் குடி, தாய் தாக்கப்படுவதைக் காணுதல் போன்ற இளமைத் துன்பங்களைக் கணக்கிட்டது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களை அனுபவித்தோரிடம் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. இடைவிடாத அச்சத்தில் வளரும் மூளையின் அழுத்த மண்டலம் எப்போதும் விழிப்பிலேயே இருக்கிறது. அத்தகையோருக்குப் போதை வெறும் இன்பமன்று. முதன்முதலாகக் கிடைத்த அமைதி.

(4) சூழ்நிலையும் சமூக நிலையும். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. தனித்தனியே வளர்ந்த குரங்குகளைக் கூட்டமாக வாழவிட்டனர். கூட்டத்தில் மேல்நிலை பெற்ற குரங்குகளின் மூளையில் ஒரு வகை டோபமைன் ஏற்பி பெருகிற்று. தாழ்நிலையில் இருந்தவற்றில் பெருகவில்லை. கொக்கெய்னை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அளித்தபோது தாழ்நிலைக் குரங்குகளே அதை மிகுதியாக எடுத்தன. கூட்டத்தில் பெறும் நிலையே மூளையை மாற்ற வல்லது என்பதை இது உணர்த்துகிறது.

மனிதரிடம் இதற்குச் சான்று வியட்நாம் போரில் கிடைத்தது. 1971இல் அங்கிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் பெண் அறிஞர் தொடர்ந்து ஆராய்ந்தார். வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கு ஹெராயின் அல்லது அபினிக்கு அடிமையாகியிருந்தார். நாடு திரும்பிய முதலாண்டில் அவர்களுள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் மட்டுமே. பொருள் மலிவாகக் கிடைத்த இடத்தையும், போரின் அச்சத்தையும், பழைய அடையாளங்களையும் ஒருசேர விட்டு வந்ததே இதற்கு முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. நமது நோயாளிகளோ சிகிச்சைக்குப் பின் அதே தெருவுக்கும், அதே வேலையின்மைக்கும் திரும்புகின்றனர்.

நோய் என்றால் பொறுப்பு இல்லையா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். எல்லாம் மூளையின் செயல் என்றால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா? அவ்வாறு கொள்வது பிழை. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோர் பலர். அவர்கள் மீள்வது தம் முயற்சியாலும் பிறர் துணையாலுமேயாகும். நீரிழிவு நோயாளி தன் உணவுக்குப் பொறுப்புடையவர். அதனால் அவருக்கு மருந்து மறுக்கப்படுவதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுரையின்படி, சிகிச்சைக்குப் பின் போதைப் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம். உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோய்கள் மீண்டும் முற்றுவது 50 முதல் 70 சதவீதம். இரத்த அழுத்தம் மீண்டும் உயர்ந்தால் மருந்தை மாற்றுகிறோம். குடி மீண்டும் வந்தால் ஆளையே மாற்றிவிடுகிறோம்.

முதுகலை வகுப்பில் பொருளியல் பயின்ற என் போன்றோருக்கு, கேரி பெக்கரும் கெவின் மர்ஃபியும் 1988இல் வெளியிட்ட கோட்பாடு தெரிந்திருக்கும். அடிமையானவரும் வருங்காலத்தைக் கணக்கிட்டே நுகர்கிறார் என்பது அதன் சாரம். விலை உயர்ந்தால் நீண்டகாலத்தில் நுகர்வு குறையும் என்னும் அதன் முடிவு புகையிலையில் மெய்ப்பட்டது. இளைஞரிடம் விலையின் விளைவு இன்னும் மிகுதி. ஆனால் வருங்காலத்தைக் கணக்கிடும் உறுப்பையே இப்பொருள்கள் நலிவுறச் செய்கின்றன என்பதை அந்தக் கோட்பாடு கருத்திற் கொள்ளவில்லை. ஆகவே விலையும் வரியும் புதியவர்கள் நுழைவதைத் தடுப்பதற்கு ஏற்ற கருவிகள். ஏற்கெனவே சிக்கியவருக்கு அவை போதா. விலை உயர்ந்தால் அவர் குடும்பத்தின் அரிசிச் செலவைக் குறைத்தும் குடிக்கக்கூடும். அவருக்குத் தேவை சிகிச்சை.

சட்டமும் நிருவாகமும்

நமது அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடான மதுவையும் போதைப் பொருள்களையும் தடை செய்ய அரசு முயல வேண்டும் என நெறியுறுத்துகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் கடுமையானது என்பது யாவரும் அறிந்ததே. அச்சட்டமே நோயாளிக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது என்பதைப் பலர் அறிவதில்லை. போதைப் பொருளை நுகர்ந்த குற்றத்துக்கோ, சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கோ உள்ளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 39ஆம் பிரிவின்படி நீதிமன்றமும், குற்றவாளியின் இசைவுடன், தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, உடல் நோய்க்கு இணையாகக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என விதிக்கிறது.

மருந்துகளும் உள்ளன. அபினி வகைப் பழக்கத்துக்கு மெதடோன், புப்ரெநார்ஃபின் ஆகியவை உயிரிழப்பைக் குறைக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இவற்றை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பஞ்சாப் மாநிலம் 2017 முதல் புறநோயாளி நிலையங்களிலேயே இத்தகைய சிகிச்சையை அளித்து வருகிறது. குடிநோய்க்கு நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் வேட்கையைக் குறைக்கின்றன. ஆனால் இவை எத்தனை பேரைச் சென்றடைகின்றன? 2019இல் வெளியான ஆய்வின்படி, குடிக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். சட்டவிரோதப் போதைப் பொருள்களைப் பொறுத்தவரை 20 பேரில் ஒருவர். நமது குறைபாடு அறிவில் இல்லை. அதனைக் கொண்டு சேர்ப்பதில் உள்ளது.

காவல், சிறை நிருவாகத்தில் உள்ளோர் இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். நெடுநாள் கடுங்குடியர் ஒருவரைப் பூட்டிவைத்துத் திடீரென மது கிடைக்காமற் செய்தால், இரண்டு மூன்று நாள்களில் வலிப்பும் சித்தக் கலக்கமும் தோன்றக்கூடும்; மருத்துவ உதவி இல்லாவிடில் உயிரும் போகலாம். அவர் நடிக்கிறார் என்று எண்ணிவிடலாகாது. அடுத்து, ஹெராயின் பழக்கமுள்ளவர் சிறையில் சில மாதங்கள் அதனைத் தொடாதிருந்தால் அவர் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. விடுதலையானதும் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு நின்று இறக்க நேரிடும். சிறையிலிருந்து வெளிவரும் முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. அவருக்குச் சிகிச்சை நிலையத்தின் முகவரியையும் தொடர்ச்சியான மருந்தையும் கொடுத்தனுப்புவது ஓர் உயிரைக் காப்பதாகும்.

தடுப்புப் பணியில் நம்பிக்கை தரும் சான்று ஒன்று உண்டு. பெரியவர்களிடையே புகையிலைப் பயன்பாடு 2009-10இல் 34.6 சதவீதமாக இருந்தது, 2016-17இல் 28.6 சதவீதமாகக் குறைந்தது. இதே காலத்தில் பழக்கத்தைத் தொடங்கும் சராசரி வயது 17.9இலிருந்து 18.9ஆக உயர்ந்தது. ஓராண்டு என்பது சிறிதாகத் தோன்றலாம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு அந்த ஓராண்டு பெரிது. 2020 ஆகஸ்டு 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட போதையில்லா இந்தியா இயக்கமும், 14446 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணும் இத்திசையில் அமைந்தவை. பள்ளிகளில் எச்சரிக்கைச் சொற்பொழிவுகள் மட்டும் போதா. குடிநோயாளியின் வீட்டுப் பிள்ளைகள், பள்ளியை விட்டு நின்றோர், அடியும் வசையும் பட்டு வளர்வோர் ஆகியோரைத் தேடிச் சென்று துணை நிற்பதே குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் முதலீடாகும்.

முடிவாக

போதைப் பழக்கம், கற்கும் இயல்புடைய ஓர் உறுப்பு தவறான பாடத்தை மிக ஆழமாகக் கற்றுவிட்டதன் விளைவு. அப்பாடம் யாருக்கு விரைவில் பதியும் என்பதை மரபும், வயதும், பட்ட துன்பமும், வாழும் இடமும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதலாவதை நம்மால் மாற்ற இயலாது. மற்ற மூன்றும் பொதுக் கொள்கையின் எல்லைக்குள் அடங்கியவை.

நான் குறிப்பிட்ட எழுத்தருக்குக் கட்டாய ஓய்வு அளிக்கப்பட்டது. ஆணையைப் பெற்றுச் செல்ல அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். உடன் ஒரு மகன். வயது பதினான்கு இருக்கும். கையொப்பம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். இன்று அறிந்தவற்றை அன்று அறிந்திருந்தால், தந்தைக்கு விடுப்பும் தொடர் சிகிச்சையும் கிடைக்க வழி உண்டா என்று பார்த்திருப்பேன். அதற்கும் மேலாக, அந்தப் பிள்ளையின் படிப்பைப் பற்றித் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். மேலே எண்ணிய நான்கு காரணங்களும் அன்று என் மேசையின் எதிரே நின்றிருந்தன. இதைப் படிக்கும் அதிகாரிகளின் மேசைக்கும் அத்தகைய கோப்பு ஒரு நாள் வரும். திருந்தும் எண்ணம் இல்லை என்று எழுதும் முன், சிகிச்சை எத்தனை நாள் அளிக்கப்பட்டது, அதன் பின் யார் அவரைத் தொடர்ந்து கவனித்தனர், வீட்டில் யார் இருக்கின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கு அக்கோப்பில் விடை இருக்கிறதா என்று பார்த்தல் நலம்.